ஓடையில் நனைந்த வெள்ளைப் பாவாடை

அந்த வருஷம் நம் கோயிலில் புது நன்மை வாங்கப் பன்னிரண்டு பெண்பிள்ளைகளின் பெயர் எழுதியிருந்தது. பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள் அது. அதற்காக ஒரு வருஷம் செபம் படித்தோம். வாங்கியது பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள் நான். நீங்கள் வெள்ளைப் பாவாடை உடுத்தி, கையில் மெழுகுத்திரியோடு ஓடைக்கரை வழியாகப் பவனி போனபோது, நானும் வெள்ளைப் பாவாடையோடுதான் இருந்தேன். ஓடைக்குள், முழங்கால் தண்ணீரில். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பதினொருவரில் ஐந்து பேர் மிச்சம் இருக்கிறீர்கள். பல் போய்விட்டது, காது பாதி போய்விட்டது, ஆனால் அந்தக் கதை மட்டும் போகவில்லை. “அவ ஓடையில இறங்கி இறங்கித்தேன் அவுக அக்காவுக்குச் சீக்கு வந்துச்சு” என்று உங்கள் மருமகள்களுக்கும் சொல்லிவைத்திருக்கிறீர்கள். போன வாரம் நான் ஈரக்காலோடு தெருவில் வரும்போது, உங்களில் ஒருத்தியின் மருமகள் வாசலில் விளையாடிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதனால்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னிப்புக் கேட்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

எங்களைப் பெற்ற ஆத்தாள் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அய்யா, அத்தை, அக்காள், நான். எனக்குப் பதினொரு வயது, அக்காளுக்குப் பதினான்கு. அய்யா ஊருக்கு உபதேசியார். சாமியார் வருஷத்தில் மூன்று நான்கு தடவை மாட்டுவண்டியில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கோயில் மணி அடிப்பதிலிருந்து நமக்குச் செபம் படித்துக் கொடுப்பதுவரை அய்யாதான். அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது.

ஓடை உங்களுக்குத் தெரியும். பங்குனி பிறந்தால் நடுவில் ஒரு கோடாகத் தண்ணீர் ஓடும். இரண்டு பக்கமும் மணல் சுடும். கரையில் நிற்கிற புங்க மரங்கள் பூவைக் கொட்டி, தண்ணீர் ஓரமெல்லாம் பொரி சிதறினாற்போல் கிடக்கும். தலையில் வெயில் காயும்போது கணுக்காலைச் சுற்றிக் குளிர்ச்சி ஓடுகிற சுகத்தை எப்படிச் சொல்வது! இன்றைக்கும் எனக்கு அதற்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை.

மீன் பிடிக்க எங்களிடம் தூண்டிலும் இல்லை, வலையும் இல்லை. ஆத்தாளின் பழைய கண்டாங்கிச் சேலையில் கிழித்த மூன்று முழத் துணி ஒன்றுதான். அரக்குச் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள் கரை. ஒரு முனையை அக்காள் பிடிப்பாள், மறுமுனையை நான். துணியின் கீழ் ஓரத்தைக் கால் கட்டைவிரலால் மணலில் அழுத்திக்கொண்டு, மேல் ஓரத்தைக் கையில் பிடித்து, மற்றக் காலால் முன்னால் இருக்கிற மணலை மெல்லக் கிளற வேண்டும். மணலுக்குள் புதைந்து கிடக்கிற அயிரை மீன் திடுக்கென்று கிளம்பி, தண்ணீர் இழுப்பில் வந்து துணியில் விழும். உடனே தூக்க வேண்டும். ஒருத்தி தூங்கிவிட்டால் மற்றவள் பிடித்ததும் போச்சு.

அக்காள் கெட்டிக்காரி. எந்த மணலில் மீன் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கவே மாட்டாள். எங்கோ மரத்தைப் பார்த்துக்கொண்டு பாதத்தால் தடவுவாள்.

“காலுக்கும் கண்ணு இருக்குடி. நீ குனிஞ்சு குனிஞ்சு பாத்தா தண்ணிதேன் தெரியும்” என்பாள்.

ஒருமுறை கெளுத்தி மீனின் முள் அவள் பாதத்தில் ஏறிவிட்டது. வலியில் கண் கலங்கிப்போனது. அப்போதும் துணியைக் கீழே விடவில்லை. பிடித்ததை வீட்டில் தேங்காய்ப் பாலில் உயிரோடு விடுவோம். குடித்த மணலையெல்லாம் கக்கிவிடும். பிறகு கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவி, அத்தை குழம்பு வைப்பாள். பல்லில் ஒரு மணல் நறநறத்தாலும் அக்காள் என்னைத்தான் முறைப்பாள், ஏனென்றால் கழுவுகிற வேலை என்னுடையது.

மலைக்கு மேலே அணை கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. கூலிக்குப் போன நம் ஊர் ஆட்கள் குளிர்காய்ச்சலோடு திரும்பி வந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம் வரும் முறைக்காய்ச்சல். மலைக்கே போகாதவர்களுக்கும் வந்தது. ஐப்பசியில் ஆத்தாள் ஓடையில் துணி துவைத்துவிட்டு வந்து “குளிருது” என்று படுத்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. அய்யா அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஓடுகிற தண்ணீரின் குளிர் உள்ளங்கால் வழியாக ஏறித்தான் காய்ச்சலாகிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு துரை வந்து சேர்ந்தார். அணை வேலைக்கு வந்தவர்களில் ஒருவர். நம் மாந்தோப்பில் கூடாரம் அடித்துப் பத்து நாள் இருந்தார். மாலையில் ஓடையில் தூண்டில் போடுவார். அவர் காலில் போட்டிருந்ததைப் பார்க்க ஊரே கூடியது. தொடைவரைக்கும் ஒரே பூட்ஸ், கறுப்பாக, எண்ணெய் தேய்த்த எருமைபோல் மினுங்கும். அய்யா அவருடைய சமையல்காரரிடம் விசாரித்தார்.

“துரை எதுக்கு இம்புட்டு உசரத்துக்குப் போட்டுருக்காக?”

“தண்ணி கால்ல படப்புடாதுன்னுதேன்” என்றார் சமையல்காரர். அவருக்கும் வேறு காரணம் தெரிந்திருக்காது.

அய்யாவுக்கு அது போதும். படித்த துரையே தண்ணீருக்குப் பயந்து காலை மூடுகிறார் என்றால் பிறகு என்ன சாட்சி வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் கோயில் வாசலில் நின்று சொன்னார்: “இனி நம்ம சனத்துல யாரும் ஓடையில கால வைக்கப்புடாது. பொம்பளப் பிள்ளைக அறவே வைக்கப்புடாது.”

ஆனால் நானும் அக்காளும் வேறொன்றைப் பார்த்திருந்தோம். அதற்கு முந்தின நாள் துரை பள்ளத்தில் காலை விட்டு, பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்து, நகர முடியாமல் நட்டுவைத்த தூண்மாதிரி நின்றார். அப்படியே மல்லாந்து விழுந்தார். நாங்கள் புங்க மரத்துக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் தவழ்ந்து கரையேறி, இரண்டு பூட்ஸையும் கழற்றிக் கவிழ்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு குடம் தண்ணீர். அவற்றைப் பாறைமேல் சாய்த்து வைத்துவிட்டு, பட்டை உரித்த வாழைத்தண்டு போன்ற வெள்ளைக் காலோடு ஓடைக்குள் இறங்கி, இருட்டுகிறவரை சந்தோஷமாக நின்றார். எங்களைப் பார்த்ததும் கையைக்கூட ஆட்டினார்.

இதை அய்யாவிடம் சொன்னேன். “துரை வெறுங்காலோட நின்னாகய்யா. நானே பாத்தேன்.”

“பொய் சொல்லாத.”

“அக்காவும் பாத்தாய்யா. கேளுங்க.”

அய்யா அக்காளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆத்தாள் போனதிலிருந்து அய்யாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு மனம் வராது. எனக்கு அப்போது அவள்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. இப்போது இல்லை.

அய்யா சொன்னதோடு நிற்கவில்லை. நம் கோயிலை ஒட்டிய எங்கள் கொல்லையில் தாமே மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டினார். இரண்டு ஆள் நீளம், ஓர் ஆள் அகலம், இடுப்பளவு ஆழம். ஓடையிலிருந்து சின்ன வாய்க்கால் இழுத்து அதில் தண்ணீரை நிரப்பினார். கரையில் இருந்தபடியே மொண்டு துவைக்கலாம், குளிக்கலாம், மாட்டுக்குக் காட்டலாம்; யாரும் காலை நனைக்க வேண்டாம். உள்ளங்கை கொப்பளித்து உடைந்திருந்தது அவருக்கு.

“அதே ஓடைத் தண்ணிதான அய்யா?” என்று கேட்டேன்.

“நிக்கிற தண்ணி வெயில்ல காஞ்சு குளிரு போயிரும். ஓடுற தண்ணியிலதேன் குளிரு இருக்கு. பேசாம இரு.”

நீங்கள் எல்லாரும் உங்கள் வீட்டுத் துணியை அங்கே கொண்டுவந்து துவைத்தீர்கள். அய்யாவைப் புண்ணியவான் என்று உங்கள் தாய்மார் சொன்னார்கள். அது பொய்யில்லை. எங்கள்மேல் உயிரை வைத்திருந்தவர்தான் அவர்.

அக்காள் ஆத்தாள்மேல் ஆணையிட்டு ஓடையை விட்டாள். நான் விடவில்லை. விடிந்ததும் விடியாததுமாக நழுவிவிடுவேன். இரண்டு முறை பிடிபட்டேன். இரண்டாம் முறை அய்யா என்னை அடுப்படியில் படுக்கவைத்து வெளியே கொண்டி போட்டார். சித்திரைப் புழுக்கத்தில் எல்லாரும் கொல்லையில், குழியோரக் காற்றில் பாய் விரித்துப் படுத்தார்கள். எனக்கு மட்டும் புகை. மூட்டம் போட்ட எருவாட்டி விடியவிடியப் புகைந்து கண் எரியும். இதை மறந்துவிடாதீர்கள். தண்டனை என்று எனக்குக் கொடுத்தது அந்தப் புகை; செல்லம் என்று அக்காளுக்குக் கொடுத்தது அந்தக் குழியோரம்.

சித்திரை பாதியில் அக்காளுக்கு நடுக்கம் வந்தது. வீட்டில் இருந்த கோணி, போர்வை, அய்யாவின் அங்கி எல்லாவற்றையும் போட்டு மூடியும் பல் அடித்துக்கொண்டது. அது தணிந்ததும் உடம்பு நெருப்பு. ஒருநாள் விட்டு மறுநாள் திரும்ப வந்தது. தெருவில் இன்னும் நாலைந்து வீட்டில் படுத்தார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. தினமும் ஓடையில் நின்றவள் நான் ஒருத்திதான், என்னை மட்டும் அது தொடவில்லை. அதை யாராவது கவனித்தீர்களா? இல்லை. நான் ஈரப்பாவாடையில் குளிரைச் சுமந்துவந்து எல்லார் வீட்டிலும் இறக்கிவிட்டேன் என்றுதான் பேசினீர்கள்.

“நான் கால நனைக்கவே இல்லையேடி” என்றாள் அக்காள், ஒரு நடுக்கத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையில். “ஒரு மாசமாச்சுடி. உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்க்கா.”

“அய்யாகிட்ட சொல்லிராத. நம்பமாட்டாக. நம்பினாலும் தாங்கமாட்டாக.”

பத்தியம் என்று அவளுக்குக் கஞ்சித் தண்ணீரும் சுக்கும் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு நாளில் கை விறகுச் சுள்ளியாகிவிட்டது. ஒருநாள் காலையில் என் காதருகில் கேட்டாள்: “அயிரை கெடைக்குமாடி?”

நான் ஓடினேன். துணியின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் இல்லை. புங்க மரத்தின் வேர் ஒன்று தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் அந்த முனையைக் கட்டினேன். வேர் எப்போது தூக்க வேண்டும் என்று அறியாதே! நான் தூக்குவதற்குள் மீன் அந்தப் பக்கமாகப் போய்விடும். அழுதுகொண்டே திரும்பத் திரும்ப மணலைக் கிளறினேன். குனிந்து பார்ப்பதை விட்டுவிட்டு அக்காள்போல மரத்தைப் பார்த்தேன். உச்சிவேளை ஆவதற்குள் ஒரு கை மீன் சேர்ந்தது.

அத்தை சட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“உங்கய்யா களத்துக்குப் போயிருக்காக. வாறதுக்குள்ள தேங்காயைத் திருவு” என்றாள்.

அக்காள் எழுந்து உட்கார்ந்து, ரசம்போல இறுத்த குழம்பை முக்கால் கிண்ணம் குடித்தாள். நாக்கால் உதட்டைத் தடவிவிட்டு, “மண்ணே இல்லடி. இப்பத்தேன் கழுவப் படிச்சிருக்க” என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. இந்த உலகத்தில் நான் செய்த காரியங்களில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லாத காரியம் அது.

அய்யா அப்போது உள்ளே வந்தார். கிண்ணத்தையும் பார்த்தார், தரையில் என் ஈரக்கால் தடத்தையும் பார்த்தார். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இரண்டு முறை வந்து போயிற்று நடுக்கம். மூன்றாவதில் அக்காள் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்தவர் அந்தத் தடம் இருந்த இடத்தைக் காட்டி, “நீ கொண்டாந்த குளிருதேன்” என்றார். மீன் பிடித்த அந்தத் துணியைக் கொண்டுபோய் எங்கே போட்டாரோ, பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

வைகாசியில் சாமியார் வந்தார். புது நன்மைக்கு முந்தின நாள் நம் பன்னிரண்டு பேரையும் கோயிலில் நிறுத்தி, உபதேசியார் ஒவ்வொரு பெயராக வாசித்து, இந்தப் பிள்ளை படித்திருக்கிறாள், இவள் தயார் என்று சாமியாரிடம் சொல்ல வேண்டும். உபதேசியார் சொல்லாத பிள்ளைக்குக் கிடையாது. நீங்கள் அங்கே நின்றீர்கள், ஆனால் எங்கள் பேச்சு உங்களுக்குக் கேட்டிருக்காது. அய்யா என் பெயர் வந்ததும் நிறுத்தினார். என் பக்கம் குனிந்தார்.

“அக்கா செத்தது உன்னாலேன்னு சாமி முன்னாடி ஒரு வார்த்த சொல்லிரு, ஆத்தா. அம்புட்டுத்தேன். சொல்லிட்டா பேரு இருக்கும்.”

“ஒங்க பேச்ச மீறி எறங்குனேன்யா. அதச் சொல்றேன். எத்தன தரம் வேணாலும் சொல்றேன்.”

“அது போதாது.”

“அக்கா என்னால சாகல.”

“பெறகு யாரால செத்தா?”

எனக்குத் தெரியவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அக்காள் ஒரு மாதம் காலை நனைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அதை அய்யாவிடம் சொல்லாதே என்று அவள் கேட்டிருந்தாள். அய்யாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு பொய்யைச் சொல்லிவிடு மகளே என்று கெஞ்சின கண் அது. எனக்கும் அந்தக் கணம் பொய் நாக்கு நுனிவரை வந்தது; வெள்ளைப் பாவாடை வேறு வீட்டில் மடித்து வைத்திருந்தது, நோயில் விழுவதற்கு முன் அக்காள் எனக்காகத் தைத்தது. ஆனால் பொய்யைச் சொல்லி நற்கருணை வாங்கினால் அவளை இரண்டாம் முறை அடக்கம் பண்ணினது போலாகும் என்று தோன்றியது. சொல்லவில்லை. அய்யா என் பெயரைத் தாண்டி அடுத்த பெயரை வாசித்தார்.

மறுநாள் மணி அடித்தது. நான் அந்தப் பாவாடையை உடுத்திக்கொண்டேன். தைத்தவள் பார்க்க ஒரு முறையாவது உடுத்த வேண்டாமா? அப்படியே ஓடைக்குப் போய், அவள் நிற்கிற இடத்தில் நின்றேன். தண்ணீர் பாவாடையைக் குடைபோல் விரித்தது. அப்போதுதான் உங்கள் பவனி வந்தது. நீங்கள் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையின் அந்த ஓரமாக ஒதுங்கிப் போனீர்கள். ஒருத்தி சிரித்தாள். அவளும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அடுத்த வருஷம் தனியாக எனக்குக் கிடைத்தது. சாமியாரே அய்யாவிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அய்யாவுக்கும் எனக்கும் நடுவில் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. எனக்குக் கல்யாணமாகி, புருஷன் போய், அய்யாவைப் பார்த்துக்கொள்ள இந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. நான் வாசல் ஏறும் சத்தம் கேட்டால் தினமும் ஒரே கேள்வி: “கால் நனைஞ்சிருக்கா?” நானும் தினமும் ஒரே பதில்: “நனைஞ்சிருக்குய்யா.”

ஒருநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்தார். கொல்லைக் குழியைப் பார்த்ததும் கண்ணாடிக் குப்பியில் ஒரு வாய் மொண்டு என்னிடம் காட்டினார். உள்ளே மயிரிழைபோல் புழுக்கள் துள்ளின.

“இதுதான்மா கொசுவாகுது. கொசு கடிச்சுத்தான் முறைக்காய்ச்சல் வருது. எத்தனை வருஷமா இருக்கு இந்தக் குழி?”

“ஓடையில நின்னா வராதா?” என்று கேட்டேன்.

“நின்னா ஏன் வருது? தண்ணி குளிருக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை. முதல்ல இதை மூடுங்க.”

முப்பது வருஷம் சுமந்ததை ஒரு சைக்கிள்காரர் ஒரு குப்பியில் காட்டிவிட்டுப் போகிறார். அய்யா முகத்துக்கு நேராகப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளே பாய்ந்தேன். யாரால் செத்தாள் என்று கேட்டீர்களே, இதோ பதில் என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தார். குழி வெட்டியபோது கொப்பளித்து உடைந்த இடம் காய்ப்பாக அப்படியே இருந்தது. “கால் நனைஞ்சிருக்கா?” என்றார்.

அக்காள் சொன்னது நினைவுக்கு வந்தது. நம்பினாலும் தாங்கமாட்டாக.

“நனைஞ்சிருக்குய்யா” என்றேன்.

மறுநாள் நானே மண்வெட்டியை எடுத்தேன். சத்தம் கேட்டு அவர் தடவிக்கொண்டே வந்தார்.

“என்னாத்தா பண்ற?”

“குழிய மூடுறேன்.”

“உங்க ஆத்தா கதி உங்களுக்கு வரப்புடாதுன்னு வெட்டுனேன் ஆத்தா. மூடிட்டா எங்கன தொவப்ப?”

“ஓடையிலதேன். எனக்கு அதுதேன் புடிக்குது.”

“அடங்காத கழுத. சாகுறமட்டும் திருந்தமாட்ட” என்று திட்டிக்கொண்டே உள்ளே போனார். இரண்டு நாளில் மூடி முடித்தேன். நான் கெட்டவள் என்ற நம்பிக்கையோடு, நிம்மதியாக அவர் கண்ணை மூடினார். அவருக்காக அந்தப் பழியை நான் சுமந்தேன். உங்களுக்காகச் சுமக்கவில்லை, உங்களுக்காக இனிமேலும் சுமக்கமாட்டேன்.

கேட்டுவிட்டீர்களா? என் அக்காள் என்னால் சாகவில்லை. ஓடையாலும் சாகவில்லை. அந்தக் குழியில் நீங்களும்தான் துவைத்தீர்கள்.

நாளைக் காலையில் நான் ஓடைக்குப் போகிறேன். பங்குனி பிறந்துவிட்டது, அயிரை மணலுக்கு வந்திருக்கும். புதிதாக ஒரு துணி கிழித்து வைத்திருக்கிறேன். இத்தனை வருஷமும் அதன் ஒரு முனையை வேரில்தான் கட்டியிருக்கிறேன். பாதி மீன் அந்தப் பக்கமாகவே போய்விடுகிறது. உங்களில் யாருக்காவது தைரியம் இருந்தால் வந்து பிடியுங்கள். செருப்பைக் கரையில் விட்டுவிட்டு இறங்குங்கள்.